மஞ்சள் தெளித்த இடமெல்லாம்

நாய்க்குட்டிக்கு நேரசூசி போட்ட ஒரே விஞ்ஞான டீச்சர் கண்டி மாவட்டத்திலேயே நானாகத்தான் இருக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு முதலாம் பாடம். பால் குடித்துப் பத்து நிமிடத்தில் இரண்டாம் பாடம். தூங்கி எழும்பியதும் மூன்றாம் பாடம். இப்படியே பொழுது சாயும்வரை எட்டுப் பாடம். எட்டும் ஒரே பாடம்தான்: வெளியே போய் மூத்திரம் பெய்வது. இந்த நேரசூசியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய வரவுப் பதிவு இடாப்பு ஒன்றையும் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். வெளியே போனால் பச்சைப் புள்ளி. வீட்டுக்குள் போனால் சிவப்புக் கோடு. இரண்டாம் கிழமை முடிவில் பச்சைப் பேனை புதுசாகவே இருந்தது, சிவப்புப் பேனைக்கு மை தீர்ந்துவிட்டது.

ஆனால் இந்தக் கூத்து நாயில் தொடங்கவில்லை. என் வீட்டுக்காரரின் நெஞ்சில் தொடங்கியது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புக் கட்டி, ஓய்வு பெற்று, கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்க்கத் தொடங்கிய ஆறாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரத்தக் குழாயில் அடைப்பு என்று கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். டொக்டர் என்னிடம்தான் சொன்னார்: "இவர் நடக்கணும். தினமும் நடக்கணும். வீட்டுல உக்காந்தே இருந்தா திரும்ப இங்கதான் வருவார்." நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வாடகை வீடோ ஹந்தானைச் சரிவில் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு முப்பத்தெட்டுப் படி. அந்தப் படிகளில் அவரை இறங்க விட எனக்குத் துணிவில்லை. ஏறுவதை நினைக்கவே வேண்டாம்.

அதனால் நானே தீர்மானம் எடுத்தேன். நடை வீட்டுக்குள்தான். சாமி அலுமாரியிலிருந்து குசினிக் கதவு வரைக்கும் பதினொரு எட்டு. திரும்பி வர இன்னொரு பதினொன்று. ஒரு கிழமை நடந்தார், பாவம். கூண்டுக்குள் கிளி நடக்கிற மாதிரி நடந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு வாசல் கதிரையில் உட்கார்ந்து கீழே போகிற பஸ்களைப் பார்க்கத் தொடங்கினார். பேச்சும் நின்றுபோனது. "சாப்பிடுறீங்களா?" "ஓம்." "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" "காணும்." மூன்று மாதமாக எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு சொல்தான். மனிதர் என் கண் முன்னாலேயே காய்ந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் லீவு தொடங்கிய அன்று, வத்தேகமையில் இருக்கும் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் பிஸ்கட் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க முப்பத்தெட்டுப் படியும் ஏறி வந்தார். பெட்டிக்குள் மண்ணிற நாய்க்குட்டி. வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார். "இஞ்ச பாரும், இதின்ர காதை. ஒண்டு நிக்குது, மற்றது விழுந்து கிடக்குது." முழுசாக இரண்டு வசனம்! நான் குசினியில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன்.

அந்த இரண்டு வசனத்துக்குப் பிறகு மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் எனக்கும் என் வீடு இருக்கிறது. சிவப்பு மெழுகு பூசி, தென்னந்தும்புப் பிரஷால் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு வைத்திருக்கும் தரை இருக்கிறது. மூலையில் சாமி அலுமாரி இருக்கிறது. அதனால் நிபந்தனை போட்டேன்.

"பள்ளிக்கூடம் தொடங்குறதுக்குள்ள இது வெளிய போகப் பழகணும். நான் வேலைக்குப் போனப்புறம் யாரு கழுவுறது? பழகல்லன்னா வந்த பெட்டியிலயே வத்தேகமைக்குப் போயிரணும். சரியா?"

"ஓம்."

"அப்புறம், வெளிய தூக்கிட்டுப் போறது நான். நீங்க ஒரு படி எறங்கக் கூடாது."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஓம்" என்றார்.

பெயர் வைக்கவும் நான் விடவில்லை. பெயர் வைத்தால் தங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் சத்தமில்லாமல் "பிள்ளை" என்று கூப்பிட்டார். நான் "ஏய்" என்றேன். அது இரண்டுக்கும் வாலை ஆட்டியது.

இனி என் பாடம் நடந்த அழகைச் சொல்ல வேண்டும். படிகளில் பாதி தூரம் இறங்கினால் ஒரு ஜம்பு மரம், அதன் அடியில் ஒரு பாய் அளவுக்கு மண். எங்கள் பங்குக்கு இருந்த மண் அவ்வளவுதான், மற்றதெல்லாம் சிமெந்து. டிசம்பர் மழை கண்டியில் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் குட்டி, ஒரு கையில் குடை, தலையில் துவாய். இறக்கி விட்டு, குடையை அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நான் நனைவேன். "போ. போடா ராசா. போய்த் தொலை." அது என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து மழையைப் பார்க்கும். ஒரு நாள் என் பழைய மாணவியின் அம்மா குடையோடு படியேறி வந்தவர், "என்னா டீச்சர், மழையில நிக்கிறீங்க?" என்று கேட்டார். "செடி பாக்குறேன்" என்றேன். அங்கே ஒரு செடியும் கிடையாது. அவர் நாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், லீவில் டீச்சர்மாருக்கு இப்படித்தான் ஆகும் என்று நினைத்திருப்பார், மேலே ஏறிப் போய்விட்டார்.

கால்மணி நேரம் நின்றுவிட்டுத் தோல்வியோடு மேலே ஏறுவேன். கதவைத் திறந்து குட்டியைக் கீழே விடுவேன். நாலு எட்டு வைக்கும். வாசல் நிலைக்குப் பக்கத்தில், நேற்று போன அதே இடத்தில், பின்னங்காலை மடக்கி உட்காரும். முடிந்தது. அது மட்டுமா, முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். எப்படி டீச்சர், சரியா என்று கேட்கிற பார்வை அது.

எனக்கு வாயில் வராத வசவில்லை. வசவு முடிந்ததும் வேலை தொடங்கும். முதலில் பழந்துணி. பிறகு கிருமிநாசினி போட்டுத் துடைப்பு. கடைசியாகச் சாமி அலுமாரிக்குக் கீழே இருக்கும் பித்தளைச் செம்பு. அதில் மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து மாவிலை. இடம் நனையும்வரை தெளிப்பேன். தெளித்தால்தான் வீடு வீடாகும் எனக்கு.

இந்த மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தால் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார்கள். ஒரு நாள் தெளிப்பார்கள், அதோடு சரி. வீட்டுக்காரர் வந்த அன்று நானும் தெளித்தேன். மறுநாளும் தெளித்தேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. வாசலில், ஜன்னலடியில், அவர் பகலில் கண்ணயரும்போது கட்டிலைச் சுற்றி. முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள்தான் நான். கம்பிச் சுருள் என்ன செய்யும் என்று படம் கீறிக் காட்டுவேன். ஆனாலும் ஒரு நாள் தெளிக்காமல் விட்டால் அன்றைக்கே அவரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். யார் எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

நான் தெளிக்கும்போதெல்லாம் அந்தக் குட்டி எதிரில் உட்கார்ந்து, நிற்கிற காதை இன்னும் நிமிர்த்தி, மாவிலையின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கும். இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட பிள்ளை ஒன்று எனக்கு வகுப்பில் கிடைத்ததே இல்லை. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கற்றுக்கொடுத்தாள். வெளியே போனதும் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டுமாம். அவள் வீட்டுப் புல்தரை நம் பள்ளிக்கூட மைதானத்தைவிடப் பெரிது. அங்கே எந்த நாயும் போகும். நான் ஜம்பு மரத்தடியில் பிஸ்கட்டை நீட்டினேன். வெளியே போவது என்றால் பிஸ்கட் தின்பது என்று அது விளங்கிக்கொண்டது. தின்றுவிட்டு உள்ளே வந்து, தன் மற்ற அலுவலைப் பார்த்தது. பிறகு பேப்பர் விரித்து வைக்கச் சொன்னார்கள். விரித்தேன். மற்றப் பக்கங்களை விட்டுவிட்டு மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் கடித்துக் குதறி வைத்திருந்தது. அன்று செம்பை இரண்டு தரம் நிரப்பினேன்.

அதன் பிறகு நிலைமை கைமீறியது. வாசல் நிலையோடு நின்றது ஜன்னலடிக்கு வந்தது. ஜன்னலடியிலிருந்து அவருடைய கட்டிலுக்கு வந்தது. கட்டிலின் நாலு காலுக்கும் ஒவ்வொன்றாக, முறை தவறாமல். "பாத்தீங்களா? சுகமில்லாத மனுஷன் படுக்குற எடம்னு கூடப் பாக்க மாட்டேங்குது, சனியன்!" என்று கத்தினேன். அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, நாயைப் பார்த்தார், என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"இஞ்சேரும்..." என்று தொடங்கினார்.

"என்னா?"

"ஒண்டுமில்லை" என்று படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு நான் காலுக்கு மஞ்சள் பூசுவது வழக்கம். அந்த வெள்ளி, சாமி அலுமாரிக்கு முன்னால் கற்பூரத் தட்டோடு கண்ணை மூடி நிற்கிறேன். பாதத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நொடி, ஏதோ அருள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தால் அது. என் வலது காலை முடித்துவிட்டு இடது காலுக்கு மாறிக்கொண்டிருந்தது. கையில் கற்பூரம் எரிகிறது, உதறவும் முடியாது, ஓடவும் முடியாது. "ஏய்! ஏய்! ஏய்!" என்று நின்ற இடத்திலேயே குதித்தேன். வாசல் கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்து நெஞ்சைப் பிடித்தாரோ இல்லையோ, நான் கற்பூரத் தட்டைப் போட்டுவிட்டு மாத்திரைக்கு ஓடினேன். "ஒண்டுமில்லையப்பா, சிரிப்புத்தான்" என்று கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்த நாயை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக் கொஞ்சவும் தோன்றியது. இடாப்பில் இரண்டு சிவப்புக் கோடு போட்டேன், ஒரு காலுக்கு ஒன்று.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கு, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவருக்கு, இதெல்லாம் பெரிய பொழுதுபோக்கு. அக்குறணையில் பிறந்து இங்கே கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய குசினி ஜன்னலுக்கு நேரே எங்கள் வாசல். நாய் வளர்க்கிற வீடில்லை அது, ஆனாலும் விசாரிப்புக்குக் குறைவில்லை. "டீச்சர், இண்டக்கி எத்தன?" என்பார் காலையிலேயே. "மூணு" என்பேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "மாஷா அல்லாஹ், நேத்தைக்கி நாலு தானே" என்று ஆறுதல் சொல்வார்.

பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்க இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரருடைய தங்கச்சி கொழும்பிலிருந்து வந்து இறங்கினாள். மகனுக்குக் கல்யாணம், அண்ணன் வீட்டுக்குத்தான் முதல் அழைப்பு. பட்டுச்சேலை, தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, அதற்கு நடுவில் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசிய அழைப்பிதழ். படியேறிய களைப்பில் தட்டைப் பாய் விரித்த தரையில் வைத்துவிட்டுக் கதிரையில் விழுந்தாள். நான் முன்யோசனைக்காரி. அவள் வரும் நேரம் பார்த்து, அப்போதுதான் நாயை ஜம்பு மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பிஸ்கட் கொடுத்துக் கூட்டி வந்திருந்தேன். நல்ல பிள்ளை மாதிரி மூலையில் படுத்திருந்தது.

மூக்கை உயர்த்தியது. எழும்பியது. நேராக நடந்து வந்தது. பாயில் ஏறி, தட்டில் ஏறி, மணமகன் மணமகள் பெயருக்கு மேலே ஆறுதலாகக் குந்தியது.

"ஐயோ கடவுளே! உதென்ன உது! அண்ணா! கலைங்கோ, கலைங்கோ!" மச்சாள் கதிரையில் ஏறி நின்றுவிட்டாள். போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ராத்தா என்னமோ ஏதோ என்று ஓடிவந்து, நாயின் ஈரம் பட்டுவிடாமல் உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். ஓடிப்போய்ச் செம்பை எடுத்துவந்து, பாயைச் சுற்றி, தட்டைச் சுற்றி, மச்சாள் நின்ற கதிரையைச் சுற்றி, போதாததற்கு அவள் சேலைக் கரையிலும் மாவிலையால் அடி அடியென்று அடித்தேன். நாய் வாலைக் குழைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. நான் தெளித்த ஒவ்வொரு இடத்திலும் நின்றது. உள்ளே ஒரு சொட்டும் மிச்சமிருக்காது, ஆனாலும் மரியாதைக்கு ஒவ்வொரு இடத்திலும் குந்தி எழும்பியது. கடைசியில் சேலைக் கரையை மோந்து பார்த்தது. மச்சாள் கதிரையின் முதுகுச் சட்டத்தில் ஏறப் பார்த்தாள்.

"டீச்சர்" என்றார் ராத்தா. "நான் ஒரு பேச்சு செல்றன், கோவிக்க வாணாம். நாங்க நாய் வளக்கிற ஆக்கள் இல்ல. ஆனா இந்த ஒரு மாசமா ஜன்னலால பாத்துக்கொண்டுதான் ஈக்கிறேன். நீங்க மஞ்சத்தண்ணி தெளிச்ச எடத்துல மட்டுந்தான் அது போகுது. தெளிக்காத எடத்துல போகவே இல்ல. நீங்க எடத்தக் காட்டிக் குடுக்குறீங்க. அது பாவம், டீச்சர்ட பேச்சக் கேக்குது."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெப்படி ராத்தா, சுத்தம் பண்ணத்தானே தெளிக்கிறேன்" என்றேன். எனக்கே என் குரல் வகுப்பில் பிடிபட்ட பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது. தோற்றுப்போக எனக்கு மனமில்லை.

மச்சாளுக்கு ஒரு பழைய சேலை கொடுத்து, தேநீர் கொடுத்து, வேறொரு அழைப்பிதழில் புதிதாகப் பெயர் எழுதவைத்து அனுப்பினோம். அதில் மஞ்சள் பூச வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார்:

"நாளைக்கு ஞாயிறு. விடிய நான் வத்தேகமைக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்."

"நீங்க எதுக்கு? நான் கொண்டுட்டுப் போறேன்."

"இல்லையப்பா. எனக்கெண்டு தந்தது. நான்தான் குடுக்கோணும்."

நாய்க்குட்டி அவர் காலடியில், அவருடைய செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது. நிபந்தனை என்னுடையது. ஜெயித்ததும் நான்தான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை மத்தியானத்திலிருந்து மறுபடியும் "ஓம்", "காணும்". அப்புறம் அதுவும் இல்லாமல் போகும். டொக்டர் சொன்னதுதான் நடக்கும். இதற்குக் காரணம் நாய் என்றால் திட்டலாம். நான் என்றால் என்ன செய்வது?

விடிந்ததும் அவர் எழும்புவதற்கு முன் நாயையும் செம்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை விட்டிருந்தது. முதலில் ஒன்றும் தெளிக்காமல் ஜம்பு மரத்தடியில் விட்டேன். கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அதுதான். பத்து நிமிடம் என் செருப்பில் உட்கார்ந்திருந்தது. பிறகு மரத்தடியில் மாவிலையால் ஒரு தெளிப்பு. துளி மண்ணில் விழுந்து முடியவில்லை, ஓடிப்போய்க் குந்தியது. கொஞ்சம் தள்ளித் தெளித்தேன். அங்கேயும் குந்தியது. இன்னொரு பக்கம் தெளித்தேன். வயிறு காலி, இருந்தும் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. அதே பார்வை. எப்படி டீச்சர், சரியா?

மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கினால், பிறகு மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும். இந்தப் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். கரும்பலகையில் நாயின் படம் கீறி, வாயிலிருந்து சொட்டும் எச்சிலுக்கு அம்புக்குறி போட்டு, பரீட்சையில் ஐந்து புள்ளிக்குக் கேட்பேன். அந்த ஐந்து புள்ளியும் எனக்கு இல்லை. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். நாய் மடியில் ஏறியது. அதன் தலையைத் தடவி, "நீ கெட்டிக்காரன்டா. நான்தான் மக்கு" என்றேன். அதுவரை நான் அதனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

மேலே ஏறி வந்தால், அவர் சட்டை போட்டு, தலைவாரி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஐந்து மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த சப்பாத்து. பக்கத்தில் அந்தப் பிஸ்கட் பெட்டி. அதற்குள் நாயின் துணி, பால் கிண்ணம், கடித்த செருப்பு வார்.

"மஞ்சள்தாங்க" என்றேன் மூச்சு வாங்க. "ராத்தா சொன்னது சரி. மஞ்சள் தெளிச்சா அங்க போகுது. கீழ தெளிச்சேன், கீழ போகுது. இதைக் கொண்டுபோக வேணாம்."

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"மஞ்சள் எண்டு. ரெண்டாம் கிழமையே விளங்கீற்றுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்போ ஒரு மாசமா மழையில நான் கொடை பிடிச்சிக்கிட்டு நின்னது ஒங்களுக்கு வேடிக்கையா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? நாயக் கொண்டுபோய் விடத் தயாரா இருக்கீங்க, இதைச் சொல்ல மட்டும் முடியல்லியா?"

அவர் மெல்லச் சொன்னார்: "நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு கட்டிலைச் சுத்தித் தெளிப்பீர். ஒரு நாளும் விடேல்லை. அதை நிப்பாட்டும் எண்டு எந்த வாயால சொல்லுறது? நாய்தானே போகட்டும் எண்டு விட்டிட்டன்."

செம்பைப் பிடித்துக்கொண்டே நிலையில் சாய்ந்தேன். வெட்கம், கோபம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. எனக்காக மனிதர் தனக்கிருந்த ஒரே சந்தோஷத்தையும் பெட்டியில் போட்டுக் கட்டியிருக்கிறார். "நான் தெளிக்காம விட்டு ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை மாதமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"ஆகிறதெண்டால் ஆகும்தானேயப்பா" என்றார். கோபமில்லாமல், பயமில்லாமல் சொன்னார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்கிற அதே குரலில் கேட்டார்: "அதுவரைக்கும் நான் ஒருக்கா றோட்டுக்குப் போட்டு வரட்டே?"

நாய் வெளியே போகப் பழக வேண்டும் என்று நான் ஒரு மாதம் படிப்பித்தேன். அவருக்கு வெளியே போக வேண்டுமா என்று கேட்டதே இல்லை. பஸ்களைப் பார்த்துக்கொண்டு அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தது வியாதியால் இல்லை. நான் படியிறங்க வேண்டாம் என்று சொன்னதால். நான் சொல்வதைக் கேட்கிற இரண்டு பேர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

செம்பை நீட்டினேன். "இதை எடுத்துட்டுப் போங்க. ஜம்பு மரத்தடியில தெளிச்சாத்தான் அது போகும்."

வாங்கிக்கொண்டார். சப்பாத்துப் போட்ட ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், ஒரு கையில் மாவிலைச் செம்பு, முன்னால் ஒற்றைக் காது நிற்கும் நாய். ராத்தாவின் குசினி ஜன்னல் திறந்தது, சத்தம் வராமல் மறுபடி சாத்திக்கொண்டது. ஒவ்வொரு படியாக இறங்கினார். ஜம்பு மரத்தடியில் நின்று தெளித்தார், ஐயர் மாதிரி மூன்று தரம். நாய் தன் பங்கைச் செய்தது. அதோடு திரும்பி ஏறுவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. செம்பை மரத்தடியில் வைத்துவிட்டு மிச்சப் படிகளிலும் இறங்கத் தொடங்கினார்.

"மெதுவா!" என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு இறங்கி, கடைப் பக்கமாகத் திரும்பி, மறைந்துபோனார்கள்.

மேல்படியில் உட்கார்ந்தேன். ஓடிப்போய்ச் செம்பை எடுத்து வந்து வாசலில் ஒருமுறை தெளிக்கலாம் என்று காலெல்லாம் துடித்தது. அவர் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் வெறுங்கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.